பார்க்க மட்டும் தெரிந்தவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் பப்பாளி வாசனை வரும். அதற்குப் பின்னாலேயே டெட்டால். இரண்டும் சேர்ந்த அந்த வாசனை இன்றைக்கு எங்காவது மூக்கில் பட்டால்கூட எழுந்து போய்விடுவேன்.

பெயர் சொல்ல விருப்பமில்லை. ஆபீசில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். சுனாமி வந்துபோன பிறகு, மரக்காணத்தில் ஈசிஆர் ஓரமாக ஒரு சிமென்ட் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து ஒரு தொண்டு நிறுவனம் ஆபீஸ் திறந்தது. படகு கொடுக்க, வலை கொடுக்க, வீடு கட்டித் தர என்று தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். செய்ததையெல்லாம் படம் பிடித்து, ஆங்கிலத்தில் எழுதி, வழவழப்பான புத்தகமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை இவருக்கு. சென்னைக்காரர். டைப் அடிக்கவும் பக்கம் கட்டவும் ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். எனக்கு வானூர் பக்கம். வீட்டில் மல்லாக்கொட்டைப் பயிர், வேர்க்கடலைதான். நான் மட்டும் புதுச்சேரி போய் டிடிபி படித்திருந்தேன்.

சேர்ந்த அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "பி.எஸ். ஃபைல் எடுக்கத் தெரியுமா?" என்பதுதான். தெரியும் என்றேன். "அப்ப போதும், மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று போகப் போகத்தான் புரிந்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பி.எஸ். என்றால் வேறொன்றுமில்லை. பக்கத்தைச் செய்து முடித்ததும் அதைப் பிரிண்டருக்கு அனுப்பாமல் ஒரு ஃபைலாக எடுத்துக்கொள்வோம். இந்த இடத்துக்கு நகர், இங்கே இந்த எழுத்தை வை, இங்கே இந்தப் படத்தை விரி என்று அச்சகத்து மெஷினுக்குச் சொல்லும் கட்டளைகள் அதில் வரிவரியாக இருக்கும். சிடியில் எழுதிப் புதுச்சேரி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் ஃபிலிம் போட்டுவிடுவார்கள். ஃபிலிம் போட்ட பிறகு தப்பு தெரிந்தால் எல்லாம் வீண். முன்கூட்டியே பார்க்கலாம் என்றால் அந்த ஃபைலைச் சும்மா திறக்கவும் முடியாது. நான் ஒருமுறை நோட்பேடில் திறந்து பார்த்தேன். படம் வருகிற இடத்தில் பக்கம் பக்கமாக எண்ணும் எழுத்தும் கொட்டிக் கிடந்தது. அதற்காகவே ஒரு வியூவர் வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் இருந்து ஏற்றியது. பி.எஸ். ஃபைலை அதில் கொடுத்தால், அச்சில் வரப்போகிற பக்கத்தை அப்படியே மானிட்டரில் வரைந்து காட்டும். காட்டுவதோடு சரி. ஒரு காற்புள்ளியைக்கூட அதில் மாற்ற முடியாது.

அந்த வியூவருக்கு முன்னால்தான் அவர் வாழ்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

காலையில் வந்ததும் முழங்கை வரைக்கும் கை கழுவுவார். தண்ணீரில் டெட்டால் விட்டுத்தான் கழுவுவார். பிறகு பையில் இருந்து ஒரு டப்பா வெளியே வரும். அதில் சதுரம் சதுரமாக நறுக்கிய பப்பாளி. பல் குத்தும் குச்சியால் ஒரு துண்டைக் குத்தி எடுத்துக்கொண்டு, நாற்காலியை மானிட்டருக்கு நெருக்கமாக இழுத்துப் போடுவார். "ஓப்பன் பண்ணும்மா." வியூவர் திறக்கும்போதெல்லாம் பதிவு செய்துகொள்ளச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். "அவன் கேட்டுட்டேதான் இருப்பான், ஓகே குடு" என்பார். தினமும் அதே வார்த்தை, அதே சிரிப்பு.

எங்கள் கம்ப்யூட்டர் மெதுவானது. பக்கம் ஒரேயடியாக வராது. முதலில் கோடுகள், அப்புறம் எழுத்துகள், கடைசியில் படம். படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். முடி, நெற்றி, கண், வாய் என்று ஒரு மனித முகம் கீழ்நோக்கி வந்துகொண்டே இருக்கும். அது முழுசாக வரும்வரை அவர் அந்தப் பப்பாளித் துண்டை உதட்டில் வைத்தபடி காத்திருப்பார், கடிக்க மாட்டார். படம் முடிந்ததும்தான் கடிப்பார். "ஆங், வந்துட்டா" என்பார். அப்புறம் பெரிதாக்கச் சொல்வார். புண் இருந்தால் புண்ணை. கண்ணீர் இருந்தால் கண்ணை. குச்சி முனையால் கண்ணாடியில் தொட்டு, "இங்க பாரு, இந்த இடம்" என்று காட்டுவார். அவர் தொட்ட இடத்தில் ஈரமாக ஒரு புள்ளி ஒட்டியிருக்கும். சாயங்காலம் அதையெல்லாம் துடைப்பது என் வேலை. அந்தத் துணியை நான் வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை.

எழுத்தை அவர் படித்து நான் பார்த்ததே இல்லை. "எழுத்தை யாரும்மா படிக்கிறாங்க? படத்தைப் பார்ப்பான், மனசு உருகுவான், அவ்வளவுதான்."

ஆட்களை நேரில் பார்க்க அவரால் முடியாது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு நாள் குப்பத்தில் இருந்து ஒருத்தர் மாடிக்கு வந்தார். வலைக் கயிறு அறுத்து உள்ளங்கை சீழ் வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆபீஸ் வண்டி கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார். அவர் வாசலில் நின்றதுமே சார் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "கீழ உக்காரச் சொல்லும்மா. உள்ள ஏசி ஓடுது" என்றார் என்னிடம். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கீழே போய்ச் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். டிரைவர் வந்து ஏற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நாள் கழித்து அதே கையின் படம், டிரைவர் எடுத்தது, ஒரு பக்கத்தில் வந்தது. சார் அதைத் திரை நிறைய விரித்து வைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், எப்படி வலிச்சிருக்கும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. வாயில் பப்பாளி இருந்தது.

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

குப்பத்தில் ஒரு அக்கா இருந்தார். அலையில் புருஷன் போய்விட்டார். இந்த அக்கா கூனிமேட்டுக்கு மீன் விற்கப் போயிருந்ததால் பிழைத்தவர். படம் எடுக்க நானும் சாரோடு போயிருந்தேன். தற்காலிகமாகப் போட்டிருந்த தகரக் கொட்டகை வாசலில் அவர் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். மகள் ஏதோ சொல்ல, அவர் சீப்பை வாயில் கடித்தபடி சிரித்துவிட்டார். சார் காரில் இருந்தபடியே நீள லென்சில் எடுத்த படம் அது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரிதாகப் போட்டுப் பக்கம் கட்டினேன்.

வியூவரில் அந்த முகம் இறங்கியதும் அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"யாரு இது?"

"அன்னிக்குக் குப்பத்துல எடுத்தீங்களே சார். வூட்டுக்காரர் அலையில போயிட்டாரு இவங்களுக்கு."

"சிரிக்கிறாளே."

"பொண்ணு ஏதோ சொல்லிச்சு சார்."

"சிரிச்சா எப்படிம்மா. இதுல துக்கமே இல்லையே. தூக்கிடு."

மறுபடி என்னை அனுப்பினார். கடலைப் பார்த்த மாதிரி உட்காரச் சொல்லி வேறு படம் எடுக்க வேண்டும், கேட்டு வா என்றார். அந்த அக்கா கூடையைத் தலையில் வைத்த சிம்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஏலத்துக்கு நேரமாவுது கண்ணு. நான் கடலைத் தினம்தான் பாக்கறேன். அதுக்குன்னு தனியா உக்காரணுமா?" நான் திரும்பிவந்து அவர் வரமாட்டார் என்று மட்டும் சொன்னேன்.

அதனால்தான் சார் உப்பளத்துக்குப் போனார்.

அலைத் தண்ணீர் உப்பளத்துக்குள்ளும் புகுந்து பாத்தியெல்லாம் சேறாகியிருந்தது. அதைச் சரி செய்து மறுபடி வேலை தொடங்கியிருந்தார்கள். வெயில் வெள்ளையாக அடித்தது. கார் தார் ரோட்டிலேயே நின்றது. பெண்கள் மரப்பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சார் கண்ணாடியைப் பாதி இறக்கி, "அந்தம்மாவை வரச் சொல்லு" என்றார். வரப்பு ஓரத்தில் நின்ற அஞ்சலையைத்தான். எனக்கு அஞ்சலையைத் தெரியும். நான் பஸ் ஏறும் இடத்தில் அவரும் சில நாள் நிற்பார். அக்கா என்று கூப்பிடுவேன்.

"எதுக்கு பாப்பா?"

"ஃபோட்டோ எடுக்கணுமாம்க்கா."

அஞ்சலை பலகையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறிவந்தார். அதன் பிறகுதான் சார் இறங்கினார். ஷூவில் உப்பு படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"சிரிக்காத. தலையைக் கொஞ்சம் இறக்கு. ம். இப்ப காலைக் காட்டு."

"காலா சார்?"

"பாதம்மா. உள்பக்கம். திருப்பிக் காட்டு."

அஞ்சலை என்னைப் பார்த்தார். "மருந்து எதுனா தருவாங்களா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். அது சார் காதில் விழுந்துவிட்டது. "வரும், வரும். காட்டு."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி இன்னொரு தொடைமேல் போட்டுக்கொண்டார். உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்ற கால். விளிம்பெல்லாம் வெளுத்து வெடித்து, நடுவில் குழி குழியாகப் புண். சார் தள்ளி நின்று, மூக்கில் கைக்குட்டையோடு, ஒரு கையால் காமெராவைப் பிடித்து எடுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஆள் கத்தினார்: "இன்னாடி, காலைப் புடிக்கிறாங்க? மூஞ்சி நல்லால்லன்னா?" எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலைக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எங்க வூட்டுக்காரரு சார். வாயி ஜாஸ்தி" என்று கையைக் காட்டினார். சார் திரும்பிப் பார்த்தார். புருஷன் பெயர் கன்னியப்பன். அங்கிருந்தே சாருக்கு ஒரு சலாம் போட்டார்.

காரில் ஏறியதும் பஞ்சில் டெட்டால் நனைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் தொடவே இல்லை. ஆனாலும் ஏதோ ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

அந்தக் கால் திரையில் வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் முழுப் பக்கம். அப்புறம் நூறு சதவீதம். இருநூறு. நானூறு. ஒவ்வொரு தடவையும் வியூவர் முதலில் இருந்து வரையும். வெடிப்புகள் வாய்க்கால் மாதிரி விரிந்தன. புண்ணுக்குள் சிவப்பு தெரிந்தது. "அப்பா, என்ன ஆழம் பாரு. இப்படி ஒரு படம் எனக்குக் கிடைச்சதே இல்லை" என்று அவர் குச்சியில் அடுத்த துண்டைக் குத்தினார். பப்பாளியின் நிறமும் அந்தப் புண்ணின் நிறமும் ஒன்றுபோல் இருந்தன. நான் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து பப்பாளி சாப்பிட்டதில்லை.

படத்துக்குக் கீழே வரும் வரிகளை அவர் மெயிலில் அனுப்புவார். நான் எடுத்து அப்படியே ஒட்டுவேன். எனக்கு ஆங்கிலம் நிதானமாகப் படித்தால்தான் புரியும். பி.எஸ். எடுத்து வியூவரில் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும்போதுதான் படிப்பேன். அப்படித்தான் அந்த வரியைப் படித்தேன். கணவனை அலைக்குப் பறிகொடுத்து, தனிமரமாக நிற்கும் விதவை அஞ்சலை என்று இருந்தது.

"சார், இதுல தப்பா இருக்குது. அஞ்சலையக்கா வூட்டுக்காரர் இருக்காரு. நீங்களே பாத்தீங்க. சலாம் போட்டாரே."

"தெரியும்."

"விடோன்னு போட்டிருக்குது சார்."

"அந்தக் காலைப் பாரேன். புருஷன் இருக்கிறவ கால் மாதிரியா இருக்கு?"

"உப்புல நின்ன கால் சார் அது."

"உப்புன்னா நம்ம ப்ராஜெக்ட்ல வராதும்மா. அலைன்னாதான் வரும்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ் இந்த வழியாக வராது என்று சொல்வது மாதிரி.

"மாத்திடட்டுமா சார்?"

"பி.எஸ். ஆயிடுச்சில்ல. இனிமே பார்க்கத்தான் முடியும். நாளைக்கு சிடி போகணும், கை வைக்காத. ஊர்ல யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?"

மூல ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருப்பது அவருக்குத் தெரியும். திருத்தி மறுபடி பி.எஸ். எடுப்பது பெரிய வேலை இல்லை என்பதும் தெரியும்.

அன்றைக்கு ஆபீஸ் முடிந்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் அஞ்சலை வீட்டுக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கன்னியப்பன் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கன்னியப்பன்தான் முதலில் சிரித்தார். "அப்ப எனக்குக் கருமாதி எப்போ?" என்றார். அப்புறம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அஞ்சலை கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டார். "எங்கம்மா சின்ன வயசுலயே தாலி அறுத்துட்டவ. ஒரு நல்லது கெட்டதுக்கு அவளை உள்ள வுட மாட்டாங்க. என் கல்யாணத்தையே அவ சமையக்கட்டுல இருந்துதான் பாத்தா. அந்தப் பேரு இன்னான்னு எனக்குத் தெரியும் பாப்பா. அதை எந்த ஊர்க்காரனும் எந்த பாஷையிலயும் எனக்கு வைக்கக் கூடாது." பிறகு புருஷனிடம், "காலையில லோடுக்குப் போவாத. போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

காலையில் அவர்கள் மாடி ஏறி வந்தபோது சார் டப்பாவைத் திறந்திருந்தார். "செருப்பை வெளிய விடச் சொல்லு" என்றார் திரும்பாமலே. கன்னியப்பன் விட்டார். அஞ்சலை காலில் செருப்பே இல்லை.

"ஃபோட்டோ பாக்க வந்திருக்காங்க சார்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது. யார் பார்க்கக் கேட்டாலும் அவருக்குச் சந்தோஷம்தான். "பாரு, பாரு. தள்ளி நின்னு பாரு." நான் வியூவரைத் திறந்தேன். கோடுகள் வந்தன, எழுத்துகள் வந்தன, படம் பட்டை பட்டையாக இறங்கியது. ஒரு மூலையில் சின்னதாக அஞ்சலை முகம். மீதிப் பக்கம் முழுக்க அந்தப் பாதம்.

அஞ்சலை வாசலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "மூஞ்சியைவிடக் காலு பெருசா இருக்குது" என்றார். "கீழ இன்னா எழுதியிருக்குது? படி பாப்பா."

சார் என்னைப் பார்த்தார். நான் படித்தேன். தமிழில், நிறுத்தி நிறுத்தி.

கன்னியப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். "அப்ப நான் செத்துப்பூட்டனா சார்?"

சார் சிரித்தார். "பேப்பர்லதானேப்பா. செத்துட்டதா சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க."

"அதை எடுத்துடுங்க சார்" என்றார் அஞ்சலை.

"எடுக்க முடியாதும்மா. இது பார்க்கிற சாஃப்ட்வேர். இதுல ஒண்ணும் மாத்த முடியாது. கேளு உங்க பாப்பாவை." அது வரைக்கும் உண்மைதான். அவரே தொடர்ந்தார். "எதுக்கு இதைப் பெருசு பண்ற? அது உன் காலுன்னு யாருக்குத் தெரியப் போகுது? யாரு கால் வேணா இருக்கலாம்."

அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. டப்பாவை அதன் மேல்தான் வைத்திருந்தார். அஞ்சலை உள்ளே வந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வலது காலைத் தூக்கி வைத்தார். பாதத்தைச் சாய்த்து உள்பக்கத்தைக் காட்டினார்.

"என் காலுதான் சார். அதையும் பாருங்க, இதையும் பாருங்க. ஒண்ணுதானான்னு சொல்லுங்க."

டியூப்லைட் வெளிச்சத்தில் அது அப்படியே இருந்தது. ஒரு புண் வாய் திறந்து நீர் கசிந்திருந்தது. அவர் திரையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடிக் குழாயடியில் குனிந்து ஓங்கரித்தார்.

"எடுக்கச் சொல்லு. காலை எடுக்கச் சொல்லும்மா" என்று அங்கிருந்தே சொன்னார்.

"எழுத்தை எடுத்தீங்கன்னா காலை எடுக்கறேன் சார்" என்றார் அஞ்சலை. குரலை உயர்த்தவே இல்லை.

"மாத்து. மாத்தித் தொலை."

நான் மூல ஃபைலைத் திறந்து அந்த வரியை அழித்தேன். "இன்னா எழுதப் போற?" என்று அஞ்சலை கேட்டார். அஞ்சலை, உப்பளத்தில் வேலை செய்கிறவர் என்று எழுதுகிறேன் என்றேன். "அது சரி." கன்னியப்பன், "நான் இருக்கேன்னும் போடு பாப்பா" என்றார். அஞ்சலை அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் பி.எஸ். எடுக்கக் கொடுத்தேன். அது தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் நின்று அஞ்சலைக்குத் தொடை நடுங்கியது. கன்னியப்பன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உட்காருங்கள் என்று நான் சொன்னதற்கு அஞ்சலை திரையைக் காட்டி, "வேணாம். அதுல வரட்டும்" என்றார். குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வியூவர் திறந்தது. பதிவு செய்யச் சொல்லும் பெட்டி வந்தது, ஓகே கொடுத்தேன். கோடு, எழுத்து, அப்புறம் படம். புது வரியை நான் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினேன். அஞ்சலை தலையை ஆட்டிவிட்டுக் காலை இறக்கினார். ஸ்டூலில் ஈரமாக ஒரு தடம் இருந்தது. போகிறபோது அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் படி இறங்கிய சத்தம் அடங்கிய பிறகுதான் சார் வந்தார். பப்பாளியை டப்பாவோடு குப்பையில் போட்டார். ஸ்டூலை மாடிப்படிக்கு வெளியே வைக்கச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. உட்கார்ந்ததும், "பழைய ஃபைல் இருக்கில்ல? அதையே சிடில எழுது" என்றார்.

"அது மேலயேதான் சார் புதுசை எழுதினேன். பழசு இல்ல."

"அப்ப மறுபடி அந்த வரியைப் போட்டு எடு."

"நீங்க எடுங்க சார்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கீபோர்டைப் பார்த்தார். மவுசைப் பார்த்தார். அவருக்கு எடுக்கத் தெரியாது. இத்தனை நாளில் எனக்கும் அது தோன்றியதில்லை. ஒரு பக்கத்தைக்கூட அவர் கையால் செய்து நான் பார்த்ததில்லை. பார்க்க மட்டும்தான் தெரியும். மவுசை இழுத்து, திரையில் இருந்த பாதத்தின் மேல் வைத்துப் பெரிதாக்கினார். அது மறுபடி வரைந்து முடியும்வரை காத்திருந்தார். அவர் முகத்தில் நிறம் திரும்பி வந்தது.

"சரி விடு. கால் இருக்கில்ல. அது போதும்" என்றார்.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் யார் பி.எஸ். எடுப்பது? புத்தகம் அச்சாகி வந்தது. அஞ்சலை பெயருக்குக் கீழே நான் எழுதிய வரிதான் இருந்தது. ஊருக்குப் படகும் வலையும் தொடர்ந்து வந்தன. அதில் அந்தப் படங்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் படகுகளில் போனவர்கள் நிஜமான மீனைத்தான் பிடித்து வந்தார்கள். ஆனாலும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார என்னால் அதற்குப் பிறகு முடியவில்லை. நின்றுகொண்டே வேலை செய்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஆபீசை மூடினார்கள். அவருக்கு வேறு எங்கோ வேலை. கிளம்புகிற அன்று மேஜையெல்லாம் இறக்கியாகிவிட்டது. என் கம்ப்யூட்டர் மட்டும் தரையில் இருந்தது. "ஒரு தடவை அதை ஓப்பன் பண்ணும்மா" என்றார். எதை என்று சொல்லவில்லை. நான் திறந்தேன். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, படம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானூறு சதவீதத்துக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு கஷ்டம் பாரு இந்த ஜனங்களுக்கு" என்றார். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. அது பொய்க் கண்ணீராக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பொய் இல்லை. தோள் குலுங்கியது. கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் இறங்கினேன். சிமென்ட் கடை நிழலில் அஞ்சலை பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கையில் மார்க்கெட் பை. சாரைப் பார்த்ததும், "வணக்கம் சார். ஊருக்கா?" என்றார்.

அவர் அஞ்சலையைப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. மூக்குக்குக் கைக்குட்டை போனது. "வழி விடும்மா" என்றார் ஈரக் குரலில். அஞ்சலை ஒதுங்கிக்கொண்டார். கார்க் கதவு சாத்திக்கொண்டது, கண்ணாடி ஏறியது, வண்டி புதுச்சேரி ரோட்டில் திரும்பிப் போனது.

அஞ்சலை கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, சார் அழுதுக்கினு போறாரு. அவுங்க வூட்டுல யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலக்கா" என்றேன்.